வேலையை விடுதலும் நல்வாழ்க்கையும்

மாதந்தோறும் சம்பளம் தரும் வேலையை விட்டுத் தன் கைத்திறனை நம்பித் தனித்தொழில் தொடங்குதல் தம்மத்திற்கு ஏற்றதா, அன்றி வேட்கையின் தூண்டுதலா? பெங்களூரில் நம்மவர் வாழும் பகுதிகளில் இவ்வினா இப்போது அடிக்கடி எழுகின்றது. சிறப்பாக, கணிப்பொறியில் எழுத்தும் படமும் அமைக்கும் வரைகலையை, அதாவது டிசைனிங் என வழங்கும் தொழிலைக் கற்ற இளைஞர், அலுவலகத்தை விடுத்து வீட்டின் ஓர் அறையிலேயே தொழில் நடத்த விரும்புகின்றனர். பெற்றோர் இதனைப் பேராசை என்கின்றனர். பிள்ளைகளோ விடுதலை என்கின்றனர். இரண்டும் அவசரச் சொற்களே என்பது நம் கருத்து.

முதலில் பெற்றோருக்கு ஒன்று சொல்லவேண்டும். தொழில் மாறுதல் நமக்குச் சிறு செய்தியன்று. தாழ்ந்தவனென்று வைக்கப்பட்டவன் மேலோர் தொழிலைச் செய்து பிழைப்பானாயின், அரசன் அவன் பொருளைப் பறித்து நாட்டைவிட்டு ஓட்டவேண்டுமென மனுநூலின் பத்தாம் அத்தியாயம் விதிக்கின்றது. மனிதன் தன் திறமைக்கேற்பத் தொழிலை மாற்றிக்கொள்ளச் சாதி விடுவதில்லை. ஆதலின் வேலையின்மைக்கே அது ஒரு காரணமாகின்றது என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் விளக்கினார். ஆகவே, அப்பன் செய்த வேலையை மகன் செய்யவில்லையே என்று நம் வீட்டில் ஒருவர் வருந்துவாராயின், பழைய விலங்கை நாமே தேடியெடுத்து மாட்டிக்கொண்டவராவோம். நிலையான வேலை என்பதுதான் எங்கே உள்ளது? கோலார் தங்கவயலில் நூற்றாண்டுக்கு மேல் நடந்த சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அதனையே நிலையென்று நம்பிய தமிழ்க் குடும்பங்கள் அங்கே எத்தனை! அனித்தியம் சம்பளப் பட்டியலுக்கும் உண்டு.

இனிப் பிள்ளைகளைக் கேட்போம். விடுதலை என்றால் எதனின்று விடுதலை? மேலதிகாரியை விட்டு வருதல் எளிது. வாடிக்கையாளரை எவ்வாறு விடுவது? வரைகலைஞன் பிறர் சொல்லுக்கு அழகூட்டுபவன். உபாசகன் செய்யலாகாத வாணிகம் படைக்கலம், உயிர், ஊன், கள், நஞ்சு என ஐந்தென்று அங்குத்தர நிகாயத்தில் பகவன் வகுத்தார். வரைபவன் இவற்றுள் எதனையும் விற்பதில்லை. ஆயினும் சாராயப் புட்டிக்கு ஒட்டுச்சீட்டு வரைந்தவனும், தீராத நோயைத் தீர்ப்பதாகப் பொய் சொல்லும் மருந்துக்கு விளம்பரம் அமைத்தவனும், நான் விற்கவில்லையே என்று ஒதுங்க இயலுமா?

இன்னும் அருகில் உள்ள ஒன்றைக் கொள்வோம். திருவிழாக் காலத்தில் ஒரு சாதிச் சங்கத்தார் வந்து, தங்கள் குலப்பெருமை விளங்க இருபது பிளெக்ஸ் பதாகை வேண்டுமென்று முன்பணத்தை மேசைமேல் வைக்கின்றனர். வாடகை நாளோ நெருங்கிவிட்டது. தீட்சை பெற்ற நம் இளைஞனின் கை அப்போது என்ன செய்யும்? அலுவலகத்தில் இருந்தவரை, முதலாளி சொன்னார், செய்தேன் எனச் சொல்ல இடமிருந்தது. பணியிலிருந்து வரைந்த படத்துக்கு வேறு உடன்படிக்கை இல்லாவிடில் முதலாளியே உரிமையாளர் என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் கூறுகின்றது. அந்தச் சமாதானம் தம்மத்தில் முழுதும் செல்லாது. எனினும் ஒரு திரையாக நின்றது. தனித்தொழிலில் அத்திரை இல்லை.

ஆதலின் நாம் வினாவையே மாற்றிக் கேட்கின்றோம். வேலையை விடலாமா என்பதன்று வினா. வேண்டாம் என்று சொல்லும் வலிமையோடு விடுகின்றானா என்பதே. அவ்வலிமை மனவுறுதியால் மட்டும் வருவதன்று. மூன்று மாத வாடகையைக் கையில் வைத்திருப்பவன் அந்தப் பதாகையை மறுத்துவிடக்கூடும். கணிப்பொறிக்கும் அச்சுப்பொறிக்கும் கடன் வாங்கித் தவணை கட்டுபவன், எவ்வளவு நல்லவனாயினும், அன்றிரவே அதனை வரைந்து முடிப்பான். பொருளுடைமை, நுகர்ச்சி, கடனின்மை, பழியின்மை என இல்லறத்தார்க்குரிய இன்பம் நான்கென்று அனாதபிண்டிகருக்குப் பகவன் அருளினார். கடனின்மை பழியின்மைக்கு முன்னே நிற்பதை நாம் வெறும் வரிசையாகக் கொள்ளவில்லை. கற்றோர் வேறு உரை கூறலாம். ஏழையின் அனுபவம் இவ்வுரையைத்தான் கூறுகின்றது.

வருவாயை நான்காகப் பகுத்து, ஒன்றைத் துய்த்து, இரண்டைத் தொழிலிலிட்டு, ஒன்றை ஆபத்துக்கு வைக்குமாறு சிகாலருக்கு அறிவுறுத்தப்பட்டது. சம்பளம் முழுதும் அரிசிக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போகும் வீட்டில் இக்கணக்கு நடவாது என்பது ஆலைக்கூலியில் குடும்பம் நடத்திய நமக்குத் தெரியும். அத்தகைய வீட்டில், வேலையை வைத்துக்கொண்டே மாலையிலும் ஞாயிறன்றும் சிறுகச் சிறுகத் தொழிலை வளர்ப்பதே வழி. சத்யஜித் ராய் 1943-இல் கல்கத்தாவில் கீமர் என்னும் விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய்க்குச் சேர்ந்த வரைகலைஞர். புத்தக அட்டைகளும் வரைந்தார். 1952-இல் 'பதேர் பாஞ்சாலி' படத்தை எடுக்கத் தொடங்கியபோது அவர் வேலையை விடவில்லை. ஓய்வு நாட்களில் படம் பிடித்தார். படம் 1955-இல் வெளிவந்தது. இடையில் பணமுடையால் மனைவியின் நகை அடகுக்குப் போனதையும் மறைத்தலாகாது. மேதைக்கும் கடன் கடனே. ஆனால் வீட்டுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

ஓய்வு நேரம் என்றால் ஓய்வு நேரமே. அலுவலகப் பொழுதில், அலுவலகக் கணிப்பொறியில், தன் வாடிக்கையாளரின் வேலையைச் செய்வது இரண்டாம் சீலத்தை மீறுவதாகும். விலகும்போது பழைய முதலாளியின் கோப்புகளைப் படியெடுத்துக் கொண்டுவருவதும் அத்தகையதே. மென்பொருளின் திருட்டுப் படியைப் பொருத்திக்கொண்டு, ஏழைக்கு வேறு வழியென்ன என்பாரும் உளர். வழி உண்டு. இங்க்ஸ்கேப், கிம்ப், ஸ்கிரைபஸ் ஆகியவை விலையின்றிச் சட்டப்படியே கிடைக்கின்றன. நோட்டோ, முக்தா மலர் போன்ற தமிழ் எழுத்துருக்களும் அவ்வாறே. அச்சகம் கேட்கும் நால்வண்ணப் பிரிப்பு இங்க்ஸ்கேப்பில் எளிதில் அமையாது, ஸ்கிரைபஸில் அமையும். பழகச் சில மாதம் பிடிக்கலாம். தறியில் கைபழகவும் சில மாதம் பிடித்தது.

தனித்தொழில் தொடங்கியவரைக் கடனில் தள்ளுவது பெரும்பாலும் சோம்பலன்று, கூச்சம். உறவினர் திருமண அழைப்பிதழ் கேட்பர். நண்பர் கடைக்குப் பெயர்ப்பலகை கேட்பர். நம்ம பிள்ளைதானே என்பர். பெரிய கடைக்காரரோ அடுத்த மாதம் பார்ப்போம் என்பார். 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி, பதிவு பெற்ற சிறுதொழில் செய்வார்க்கு, உடன்படிக்கை என்ன சொன்னாலும், 45 நாட்களுக்குள் பணம் தரப்படவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப்போல் மும்மடங்கு வட்டியும் உண்டு. 2020 ஜூலை முதல் உத்யம் என்னும் அப்பதிவு கட்டணமின்றிச் செய்யப்படுகின்றது. தொழில் தொடங்கும் நாளிலேயே இதனை முடித்துவிடுக. வேலைக்கு முன் பாதித் தொகை, கோப்பை ஒப்படைக்குமுன் மீதி என எழுதி வைப்பதில் குறையொன்றுமில்லை. உழைப்பின் விலையைக் கேட்பது வேட்கையாகாது.

தானம் என்பது கொடுப்பவன் மனமுவந்து கொடுப்பது. கேட்பவன் உரிமையாக எடுத்துக்கொள்வதன்று. வைசாக நாளுக்குத் துண்டறிக்கை வேண்டுமென்று நம் சங்கத்திலிருந்து யாரேனும் வந்தாலும் அவ்விளைஞர் விலை சொல்லட்டும். சங்கப் பொருளாளர் அதைக் கணக்கில் எழுதிக்கொண்டு, அறிக்கை அச்சுக்குப் போகுமுன் பணத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும்.