வாயிற்காவலன் யாருக்குக் கடமைப்பட்டவன்?

எங்கள் பள்ளியில் இணையத்திற்கும் கணினிகளுக்கும் நடுவே ஒரு சிறு பெட்டி இருக்கிறது. தீயரண் என்பது அதன் பெயர். தகாதவற்றை வாயிலிலேயே தடுப்பது அதன் தொழில். அதனைப் பொருத்திய நாளில், திரையில் தோன்றிய நீண்ட உடன்படிக்கையின் அடியில் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்தியவன் நான்தான். படித்துப் பார்த்தேனா எனில், இல்லை. தேர்ச்சி அறிக்கையைப் படியாமல் கையொப்பமிடும் பெற்றோரைப் பலமுறை கடிந்துகொண்டவன் நான்!

பின்னரே அறிந்தேன், இக்காவலன் காப்பதோடு நில்லான் என்று. தாக்குதல் எங்கிருந்து வந்தது, ஐயத்திற்குரிய கோப்பின் அடையாள எண் யாது என்பன போன்ற செய்திகளைத் தன்னைச் செய்த நிறுவனத்திற்கு அனுப்பிக்கொண்டே இருப்பான். டெலிமெட்ரி எனப்படும் தொலையளவை இதுவே. சில அமைப்புகளில், மாணவர் நாடும் இணையப் பக்கத்தின் முகவரியும் சரிபார்ப்பதற்காக வெளியே செல்லும்.

இதனைத் தீதென்று தள்ளிவிட இயலுமா? டிங்கிக் காய்ச்சல் கண்டவரைப் பற்றி மருத்துவர் சுகாதார அலுவலகத்திற்கு அறிவிக்கிறார்; அவ்வட்டாரத்தில் கொசு மருந்துப் புகை அடிக்கப்படுகிறது. அதுபோல, ஓரூரில் ஒரு கருவி பட்ட அடி ஏனைய ஊர்க் கருவிகளுக்குக் காப்பாகிறது.

ஆயின், பிரித்தானிய நிறுவனமான சோஃபோஸ் 2024 அக்டோபரில் தானே வெளியிட்ட செய்தி என்னை உறுத்துகிறது. 2020 ஏப்ரலில் அதன் தீயரண்கள் தாக்கப்பட்டன. அமெரிக்க அரசின் குற்றப்பத்திரிகை அவற்றை ஏறத்தாழ 81,000 என்கிறது. தொலையளவைச் செய்திகளைப் பின்தொடர்ந்த நிறுவனம், தாக்கும் முறைகள் சீனாவின் சிச்சுவான் பகுதியில் உருவாவதைக் கண்டது. பின்னர், தாக்குவோரின் கையில் இருந்தனவென்று தான் உறுதியாக நம்பிய கருவிகளுக்குள் வேவு நிரலைச் செலுத்தியது. அதனால் விளைந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆனால், வாங்கியவன் கள்வனா நல்லவனா என்று தீர்ப்புக் கூறியவர் யார்? விற்றவரே!

வள்ளுவர் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே வகுத்தார். எனினும் அதனை அரசனுக்குரிய செயல்களோடு வைத்தார். கொடுங்கோன்மையைக் கண்டித்ததும் அவ்வியலிலேதான். வணிகர் அரசர் ஆகார்.

நிற்க. உடன்பட்டவன் நான், கணினி முன் அமரும் பன்னிரண்டு வயதுச் சிறுமி உடன்படவில்லை. தாய்க்கு வந்த நோயின் பெயரை அவள் தேடலாம். தந்தையின் குடியைப் பற்றித் தேடலாம். வகுப்பாசிரியரிடமும் சொல்லாத ஒன்று, அவள் அறியாமலே கடல் கடக்கிறது. மிருகக்காட்சி சாலைக்கு அழைத்துச் செல்லவும் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் கேட்கும் நாம், இதற்கு யாரைக் கேட்டோம்?

அண்மையில் தொழில்நுட்பப் பணியாளரை அழைத்தேன். தாக்குதல் பற்றிய செய்திகள் போகட்டும், பக்க முகவரிகள் போகவேண்டா என்றேன்.

“ஐயா, சில தீய தளங்கள் தப்பி உள்ளே வரக்கூடும்,” என்றார் அவர்.

அதற்கு என்னிடம் விடை இல்லை. முகவரிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் அடுத்த கூட்டத்திற்கு இதனை எழுதி வைத்தேன்.