இரவு வேட்டையும் சிவராத்திரி வேடனும்

மாசி மாதத்துத் தேய்பிறைச் சதுர்த்தசி இரவிலே திருக்கேதீச்சரத் திருத்தலத்தில் அடியார்கள் கண்விழித்திருப்பர். பாலாவித் தீர்த்தத்தைக் குடங்களில் எடுத்துச் சென்று தத்தம் கையாலேயே சிவலிங்கப் பெருமானுக்கு அபிஷேகம் செய்வர். மன்னார்த் தீவிலிருந்தும், கரையோரக் கிராமங்களிலிருந்தும், வன்னிப் பெருநிலத்திலிருந்தும் வந்து கூடும் மக்கள் அன்றிரவு கேட்கும் கதைகளுள் யாவரும் அறிந்தது ஒரு வேடனின் கதையாகும். சிவராத்திரியின் மகிமையைக் கூற வந்த அக்கதையினுள்ளே, இருளில் மறைந்திருந்து ஓர் உயிரைக் கொல்வது தகுமா என்ற வினாவும் அடங்கியுள்ளது. இருளை ஊடுருவிக் காணும் கருவிகள் கடையிலே விலைக்குக் கிடைக்கும் இக்காலத்தில், அவ்வினாவைச் சிந்திப்பது பொருத்தமுடையதாகும்.

வேடன் ஒருவன் நாள் முழுவதும் அலைந்தும் உணவு கிடையாமல், நீர்நிலையருகே நின்ற வில்வ மரத்தில் ஏறிக் காத்திருந்தான். வீட்டிலே மனைவி மக்களும் பசித்திருந்தனர். முதற் சாமத்தில் ஒரு பெண்மான் நீர் அருந்த வந்தது. அவன் நாணேற்றிய அசைவினால் வில்வ இலைகளும், அவன் வைத்திருந்த நீரும் கீழேயிருந்த சிவலிங்கத்தின் மீது விழுந்தன. மான் நிமிர்ந்து பார்த்தது. தன் குட்டிகளை உரிய இடத்தில் ஒப்படைத்துவிட்டு வருவதாகவும், அதன்பின் கொல்லலாம் என்றும் வேண்டியது. வேடன் விடை கொடுத்தான். பின்வந்த மான்களும் அவ்வாறே வேண்டிச் சென்றன. விடியும் வேளையில் எல்லா மான்களும் சொன்ன சொல் தவறாமல் குட்டிகளோடு வந்து நின்றன. அதைக் கண்ட வேடன் உள்ளம் உருகி வில்லைத் தாழ்த்தினான். அவனுக்குப் பெருமான் காட்சி கொடுத்தருளினார் என்பது புராணம்.

இதற்கு நேர்மாறான இன்னோர் இரவு இராமாயணத்தில் உண்டு. தசரத மன்னன் தன் இளமையில், ஓசையை மட்டும் கொண்டு குறி தவறாது அம்பெய்யும் சப்தவேதி என்னும் வித்தையில் வல்லவனாக இருந்தான். மழைக்கால இரவொன்றில் சரயு நதிக்கரையில் ஒளிந்திருந்தபோது, யானை நீர் குடிப்பது போன்ற ஓர் ஓசை கேட்டது. உடனே அம்பை விடுத்தான். அலறி வீழ்ந்தது யானையன்று. கண்ணிழந்த தாய் தந்தையருக்காகக் குடத்தில் நீர் மொண்டுகொண்டிருந்த முனிகுமாரன். மகனைப் பிரிந்த சோகத்தால் நீயும் உயிர் துறப்பாய் என்று அம்முதிய தந்தை இட்ட சாபம், இராமன் காடேகியபோது பலித்தது.

இருவரும் இரவிலே வேட்டைக்குச் சென்றவர்கள். இருவரும் நீர்நிலையருகே மறைந்திருந்தவர்கள். பசியோடு இருந்தவன் வேடன்; அரசனுக்கோ அது பொழுதுபோக்கு. அரசனிடம் அரிய வித்தை இருந்தது, ஆயினும் எதிரில் இருப்பது யாது என்று அறியும் பொறுமை இருக்கவில்லை. வேடனோ எதிரில் நிற்கும் உயிரின் சொல்லைக் கேட்டான். அவனை உயர்த்தியது அதுவேயாகும்.

இப்பகுதி மக்களுக்கு இரவு வேட்டை புதிதன்று. முன்னோர் பனையோலைச் சூள் கொளுத்திக் களப்பிலே மீன் பிடித்தனர். பின்னர் டோர்ச் வெளிச்சம் வந்தது. முகத்தில் திடீரென ஒளி பட்டால் முயலும் மானும் திகைத்து அப்படியே நின்றுவிடும். அந்தத் திகைப்பே அவற்றின் முடிவாகிவிடும். கடலிலும் இதுவே கதை. பெரிய மின்விளக்குகளின் ஒளிக்குத் திரளும் மீன்களோடு குஞ்சு மீன்களும் சேர்ந்து வலையில் அகப்படுவதால், சிறு தொழில் செய்யும் கடற்றொழிலாளர் அம்முறையை எதிர்க்கின்றனர். எல்.ஈ.டி. விளக்குகளைக் கொண்டு மீன்பிடிப்பதை இந்தியா தனது கடற்பரப்பில் 2017ஆம் ஆண்டு தடைசெய்தது.

இன்றைய கருவிகள் இவற்றையெல்லாம் கடந்தவை. இரவுப் பார்வைக் கருவி, நிலவிலும் விண்மீனிலும் இருந்து வரும் சிறு ஒளியைப் பன்மடங்காக்கிக் காட்டும். வெப்பப் படக் கருவிக்கு அந்த ஒளியும் தேவையில்லை. ஒவ்வொரு பொருளும் தன் சூட்டுக்கேற்பக் கண்ணுக்குத் தெரியாத கதிர்களை வெளிவிடுகிறது. அகச்சிவப்புக் கதிர் எனப்படும் இதனை 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர் கண்டறிந்தார். அக்கதிர்களைப் படமாக்கும் கருவியைத் துவக்கின் மேல் பொருத்தினால், கும்மிருட்டிலும் புதரோரம் நிற்கும் விலங்கு வெண்ணிறமாய் ஒளிர்ந்து தெரியும். விலங்கின் முகத்தில் ஒளி எதுவும் படுவதில்லை. தன்னை ஒருவன் பார்க்கிறான் என்பதே அதற்குத் தெரியாது.

இதனை ஆதரிப்போர் கூறும் நியாயங்களும் உண்டு. கொல்வது என்று வந்தபின் பகலென்ன, இரவென்ன என்பர். தெளிவாகத் தெரிவதால் குறி தவறாது, காயத்தோடு ஓடி நாட்கணக்கில் துடித்துச் சாகும் விலங்குகள் குறையும் என்பர். கமக்காரரின் துன்பத்தையும் எடுத்துரைப்பர். இக்கடைசி நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி விதைத்த வயலில் ஒரே இரவில் பன்றிக் கூட்டம் இறங்கினால், ஒரு குடும்பத்தின் உழைப்பு மண்ணாகிவிடும். அமெரிக்காவின் பல மாநிலங்கள் காட்டுப்பன்றியை இரவில் இக்கருவி கொண்டு சுட அனுமதிக்கின்றன. ஜேர்மனியும் 2020ஆம் ஆண்டில் சட்டத்தைத் தளர்த்தியது. காவற்கொட்டிலில் தீ மூட்டிக் கண்விழித்துப் பயிரைக் காப்பவனையும், இறைச்சி வியாபாரத்துக்காகவோ வேடிக்கைக்காகவோ காட்டுக்குள் நுழைபவனையும் ஒரே தட்டில் வைப்பது நீதியாகாது.

எனினும் அந்த வேறுபாட்டைக் கருவி அறியாது. பயிரைக் காக்க வாங்கிய கருவி, அடுத்த வாரம் மானைத் தேடிச் செல்வதற்கும் உதவும். மான், மரை, கடற்பசு, கடலாமை முதலியவற்றைக் காக்க 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் உண்டு. வங்காலை 2008இல் சரணாலயமாகவும், மடு வீதிக் காடு 2015இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனம் செய்யப்பட்டன. ஆனால் நள்ளிரவில் காட்டிலே நிற்பவனைச் சட்டம் எப்போதும் பார்த்துக்கொண்டிராது. அங்கே அவனைத் தடுக்கக் கூடியது அவனது மனச்சாட்சி ஒன்றே.

இங்கேதான் ஆழ்ந்து நோக்க வேண்டிய உண்மை உள்ளது. ஆறு கண்டங்களில் வாழும் 62 பாலூட்டி இனங்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018ஆம் ஆண்டில் அறிஞர்கள் ஒரு முடிவை வெளியிட்டனர். மனிதன் நெருங்கும் இடங்களிலெல்லாம் விலங்குகள் பகல் நடமாட்டத்தைக் குறைத்து, இரவுக்கு ஒதுங்குகின்றன என்பதே அது. காட்டை வெட்டினான், நீர்நிலையை எடுத்துக்கொண்டான், பகலையும் தனதாக்கிக் கொண்டான். அவ்வுயிர்கள் எதிர்த்து நிற்கவில்லை; எஞ்சியிருந்த இருளுக்குள் போயின. இருளிலும் காணும் கண்ணை மனிதன் செய்துகொண்டபின், அவை ஒதுங்குவதற்கு வேறு இடம் யாது?

இருள் அடைக்கலமாவதை மன்னார்க் கரையோர மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இக்கரைகளிலிருந்து படகேறி இராமேஸ்வரத்துக்குச் சென்றன. விளக்கை அணைத்து, அழும் குழந்தையின் வாயைப் பொத்தி, நிலவில்லாத இரவை வேண்டிக் கடல் கடந்தோர் பலர். இருளில் காணும் கருவிகள் முதன்முதலில் போருக்காகவே செய்யப்பட்டவை. காணாத கண்ணொன்று தன்னைக் காண்கிறதோ என்று அஞ்சி ஓர் இரவைக் கழித்தவருக்கு, குட்டியோடு குளக்கரைக்கு வரும் மானின் நிலை நன்கு விளங்கும்.

தசரதன், அறியாமல் செய்தேன் என்றாவது சொல்ல முடிந்தது. அவன் யானை என்றே எண்ணினான். அவ்வாறு எண்ணியும் வினை அவனை விடவில்லை. வெப்பப் படக் கருவியை ஏந்தியவனுக்கோ அந்தச் சாட்டும் இல்லை. எதிரில் நிற்பது சூடுள்ள ஓர் உயிர் என்பதையும், அதனருகே சிறியதாய் இன்னொரு சூடு அசைகிறது என்பதையும் அவன் கண்ணாரக் காண்கிறான். அறிவு கூடினால் பொறுப்பும் கூடும். இறைவன் எல்லா உயிரினுள்ளும் ஒளியாய் உறைகிறான் என்பது சைவர் கொள்கை. அக்கருவியில் முயலும் மானும் மனிதனும் ஒரே விதமாகவே ஒளிர்கின்றனர். வெளிநாடுகளில் இரவு வேட்டைக்காரர் மனிதரை விலங்கென எண்ணிச் சுட்ட துயரங்களும் நிகழ்ந்துள்ளன.

ஆயினும் கருவியின் மீது பழி இல்லை. அதே கருவி உயிர் காக்கவும் உதவுகிறது. ஜேர்மனியில் புல் அறுக்கும் பருவத்தில், புல்லுக்குள் அசையாமல் படுத்திருக்கும் மான்குட்டிகள் இயந்திரத்தில் அகப்படாதபடி, விடியற்காலையில் வெப்பப் படக் கருவி பொருத்திய ட்ரோன்களைப் பறக்கவிட்டுக் குட்டிகளை மீட்கின்றனர். தமிழ்நாட்டில் கோயம்புத்தூரை அடுத்த மதுக்கரையில், இருளில் ரயில் பாதையைக் கடக்கும் யானைகள் மோதுண்டு இறக்காதபடி, வெப்பப் படக் கருவிகள் கொண்ட கண்காணிப்பு முறை 2024 பெப்ரவரியில் தொடங்கப்பட்டது. அங்கே யானை தென்பட்டவுடன் ரயில் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார்.

இருளில் இன்னோர் உயிரைக் காணும் ஆற்றல் பெற்றவன், கண்டபின் என்ன செய்கிறான் என்பதே தருமத்தின் கேள்வி. வில்வ மரத்து வேடனும் அம்மான்களைக் கண்டான். அம்பு கையில் இருக்கும்போதே விடை கொடுத்தான். வரும் சிவராத்திரியில் பாலாவித் தீர்த்தத்தைச் சுமந்து இருளினூடே நடக்கும் அடியார்கள், அதே வேளையில் காட்டுக் குளமொன்றுக்கு நீர் அருந்த வரும் உயிர்களையும் ஒரு கணம் நினைப்பாராக. அந்த நினைவும் பெருமானுக்கு இட்ட ஒரு வில்வ இலையாகும். கௌரி அம்பாள் சமேத திருக்கேதீச்சர நாதரின் திருவருள் எல்லா உயிர்களுக்கும் கிட்டுவதாக.