நுட்பமான செவியும் நீங்காத இரைச்சலும்

மலிவான இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு வேளச்சேரியிலிருந்து திருமயிலைக்குப் பறக்கும் ரயிலில் போகிறவர் எவரும் தம் மியூசிக் பிளேயர் இரைகிறது என்று குறை சொல்வதில்லை. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, மிக மெல்லிய ஸ்வரத்தையும் சிந்தாமல் தரக்கூடிய நுட்பமான இயர்போன் ஒன்றை வாங்கி, ஊர் அடங்கிய பிறகு கதவைச் சாத்திக்கொண்டு கேட்க உட்காருகிறவர்தாம், பாட்டு தொடங்குவதற்கு முன்பே 'உஸ்' என்று ஓர் இரைச்சல் கேட்கிறதே, இவ்வளவு பணம் கொடுத்தும் இதுதானா பலன் என்று மனம் நோகிறார். மட்டமான கருவியில் தெரியாத குறை உயர்ந்த கருவியில் தெரிவது ஏன் என்ற இந்தக் கேள்வி பௌதிக சாஸ்திரத்துக்கு மட்டும் உரியதன்று; நம் சமய நூல்களுக்கும் இது வெகுநாள் பழக்கமான கேள்வி.

முதலில் கருவியைப் பார்ப்போம். எம். டி. ராமநாதன் அவர்கள் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தில் பயின்று, அங்கேயே கற்பித்தும் வந்த மகாவித்வான். அவருடைய விளம்ப காலப் பாட்டில் ஒரு பிடிக்கும் அடுத்த பிடிக்கும் நடுவே விடப்படும் மௌனமும் ராகத்தின் அங்கமாகவே நிற்கும். பழைய நாடாவில் பதிந்த அவர் கச்சேரி ஒன்றை இத்தகைய இயர்போனில் கேட்டால், அந்த மௌனத்தில் இரண்டு இரைச்சல்கள் காதில் படும். ஒன்று நாடாவுக்கு உரியது. வால்யூமைக் கூட்டினால் அதுவும் கூடும், பாட்டை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். மற்றொன்று பிளேயருக்கே உரியது; வால்யூமை ஏற்றினாலும் இறக்கினாலும் அது ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. பாட்டை நிறுத்திய பிறகும் சில விநாடி அது அப்படியே இருக்கும். பின்பு உள்ளேயிருக்கும் ஆம்ப்ளிஃபயர் 'டிக்' என்று அணைந்ததும் சட்டென்று மறையும். அந்த மறைவில்தான், இதுவரை அது இருந்துகொண்டே இருந்தது என்பது திட்டமாக விளங்குகிறது.

இதன் அளவு மிகச் சொற்பம். ஆம்ப்ளிஃபயரின் இரைச்சல் ஐந்து மைக்ரோவோல்ட், அதாவது ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு என்று வைத்துக்கொள்வோம். 16 ஓம் தடையும், ஒரு மில்லிவாட் சக்திக்கு 100 டெசிபல் ஒலியும் தரும் சாதாரண இயர்போனில் அது சுமார் 12 டெசிபல்தான். மின்விசிறிச் சத்தத்திலேயே அமிழ்ந்துவிடும். அதே தடையோடு 115 டெசிபல் தரும் நுட்பமான இயர்போனில் அதே இரைச்சல் 27 டெசிபல் ஆகிறது. போதாததற்கு, இந்த ரகம் காதின் துவாரத்தை நன்றாக அடைத்து வெளியுலகத்தையும் தடுத்துவிடுகிறது. விஜயநகர் பஸ் நிலையத்து ஹாரன்களும் வேளச்சேரி பிரதான சாலையின் லாரிகளும் இதுவரை எதை மூடி மறைத்தனவோ, அது மறைப்பில்லாமல் நிற்கிறது. பிளேயரில் புதிதாக எதுவும் கெட்டுப்போகவில்லை. கேட்கும் சக்தி வளர்ந்தது, அவ்வளவுதான்.

மனத்திலும் இப்படி நேர்வதுண்டு. எங்கள் வேளச்சேரித் தண்டீஸ்வரம் பக்கத்தில் குடியிருக்கும் ஓர் இளைஞர், கணினி நிறுவனத்தில் உத்தியோகம் பார்ப்பவர், ஒருநாள் மாலை கோயில் பிராகாரத்தில் என்னிடம் மெல்லிய குரலில் சொன்னார்: "தியானம் பண்ண ஆரம்பிச்சதிலேருந்து மனசு முன்னைவிட மோசமாயிடுச்சு சார். இவ்வளவு பொறாமை எனக்குள்ளே இருந்ததே தெரியாது. விட்டுடலாமான்னு பார்க்கிறேன்." அவர் முகத்தில் இருந்தது சோம்பல் அன்று, உண்மையான துயரம். நல்ல வழியில் கால் வைத்தவர் பலருக்கு இந்தத் துயரம் வருவதை நான் கண்டிருக்கிறேன். வழியே தவறு என்று எண்ணித் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. அவர்களை நினைத்தால் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது, ஏனெனில் அவர்கள் திரும்புகிற இடம் பெரும்பாலும் அவர்கள் முன்னேறிய இடம்.

மாணிக்கவாசகர் திருவாசகத்தில் தம்மை நாய் என்று எத்தனை இடத்தில் சொல்லிக்கொள்கிறார்! திருநாவுக்கரசரும் அப்படியே, ஆழ்வார்களில் தொண்டரடிப்பொடியாரும் அப்படியே, அண்மைக் காலத்துத் தாயுமானவரும் அப்படியே. இவர்கள் யாவரும் நம் தேசத்தில் நிர்மலமான வாழ்வு வாழ்ந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. நிர்மலமானவர்கள் ஏன் மலம் என்ற உள்ளத்து அழுக்கைப் பற்றி இவ்வளவு அழவேண்டும்? நம்மைப் போன்றவர்களுடைய குற்றங்களைத் தம்மேல் ஏறிட்டுக்கொண்டு, நம் பொருட்டுப் பாடினார்கள் என்று பெரியோர் சமாதானம் சொல்வதுண்டு. அந்தச் சமாதானத்தில் உள்ள பக்தியை நான் வணங்குகிறேன். ஆயினும் அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. ஒருவர் உள்ளம் உருகி, கண்ணீர் பெருக, 'என் குற்றம்' என்று சொன்னதை, 'அது உங்களுடையதன்று, எங்களுடையது' என்று நாம் திருத்துவது அவர் அனுபவத்தின் சத்தியத்தைக் குறைப்பதாகும். அவர்கள் கண்டதைத்தான் சொன்னார்கள். பழிக்கு அஞ்சுகிறவருக்கு அணுவளவு குற்றமும் மலையாகத் தெரியும் என்ற கருத்தைக் குற்றங்கடிதல் அதிகாரத்தில் வள்ளுவரும் வைத்திருக்கிறார். ஆனால் இதைப் பூதக்கண்ணாடி காட்டும் மிகையாக நான் கொள்ளவில்லை. 27 டெசிபல் இரைச்சல் உண்மையிலேயே 27 டெசிபல்தான். நுட்பமான இயர்போன் அதைக் கற்பனை செய்து காட்டவில்லை.

இந்த விஷயத்தில் மிக ஆழமாகப் போனவர் உமாபதி சிவாசாரியார். பதினான்காம் நூற்றாண்டில் தில்லையில் வாழ்ந்த அந்த மகான் இயற்றிய திருவருட்பயனில் 'இருள்மல நிலை' என்று ஓர் அதிகாரமே உண்டு. ஆணவ மலத்தை இருள் என்று சொல்வது வழக்கம்; ஆனால் அவர் அந்த ஒப்புமையோடு திருப்தி அடையாமல் ஒரு நுண்ணிய வேற்றுமையைக் காட்டுகிறார். புற இருள் பொருள்களை மறைத்தாலும், 'இங்கே இருட்டாக இருக்கிறது' என்று தன்னையாவது காட்டிக்கொள்கிறது. ஆணவமோ பொருளையும் மறைத்து, தான் மறைப்பதையும் மறைத்துவிடுகிறது. எவ்வளவு கூர்மையான பார்வை! அகங்காரம் முழு வலிமையோடு இருக்கும் மனிதனைப் பாருங்கள். தனக்கு அகங்காரம் இருப்பதாக அவன் ஒருபோதும் சொல்லமாட்டான், தன்னைப் போல எளியவன் இல்லை என்றே சத்தியம் செய்வான். 'எனக்குள் இது இருக்கிறது' என்று ஒருவன் முதன்முறையாகத் திடுக்கிடும் அந்தக் கணத்தில், ஆணவத்தின் இரண்டு மறைப்புகளில் ஒன்று விலகிவிட்டது. ஆகவே அந்த இளைஞரின் துயரத்தை நான் கெட்ட செய்தியாகக் கேட்கவில்லை.

இரைச்சல் எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான்சன் என்பவர் அளந்து காட்டியதையும், அவருடைய சகாவான நைக்விஸ்ட் அதற்குக் கண்ட கணிதக் காரணத்தையும் 1928-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். மின்சாரம் ஓடக்கூடிய எந்தப் பொருளிலும், அதற்கு வெப்பம் இருக்கும் வரையில், எலெக்ட்ரான்கள் ஓயாமல் துள்ளிக்கொண்டிருக்கின்றன. அந்தத் துள்ளலே இரைச்சலின் மூலகாரணங்களில் ஒன்று. அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய அழுக்கு அன்று. பாட்டைச் சுமந்து வரும் அதே உலோகத்தின் சுபாவம். நம் சைவ சித்தாந்திகள் ஆணவத்தைச் சகஜமலம் என்றார்கள். செம்பில் களிம்பு செம்போடே இருப்பது போல உயிரோடு அநாதியாக உள்ளது அது, ஒருநாள் வந்து சேர்ந்ததன்று. அதனால்தான் முத்தியிலும் ஆணவம் என்ற பொருள் அழிந்துபோவதில்லை, அதன் சக்தி மட்டும் மடங்கி நிற்கிறது என்று அவர்கள் துணிந்து சொன்னார்கள். ஞானம் உதித்த மாத்திரத்தில் அவித்தை இல்லாமலே போகிறது என்று சொல்லும் வேதாந்திக்கு இது உவப்பாக இராது. அவர் பக்கத்து நியாயத்தை நான் அறிவேன். என்றாலும், கரை ஏறிய அடியார்களின் கண்ணீரை எண்ணும்போது, எனக்குச் சித்தாந்தத்தின் சொல்லே அனுபவத்துக்கு நெருக்கமாகப் படுகிறது.

இரைச்சலை அடக்க முயன்றவர்களும் அதை அழித்துவிடவில்லை. 1963 முதல் 1965 வரை ஐக்கிய நாடுகளின் ஆலோசகராக நம் இந்தியாவில் பணிபுரிந்து, பின்பு லண்டனில் தம் நிறுவனத்தைத் தொடங்கிய ரே டால்பி, மெல்லிய ஒலிகளை உயர்த்திப் பதிந்து, கேட்கும்போது அவற்றைப் பழைய அளவுக்கு இறக்கினார். இறங்கும்போது நாடாவின் இரைச்சலும் கூடவே இறங்கியது. பிளேயருக்கும் இயர்போனுக்கும் நடுவே இன்று மாட்டுகிற அட்டெனுவேட்டர் என்ற சிறு கருவியின் யுக்தியும் ஏறக்குறைய இதுவே. அது பாட்டையும் இரைச்சலையும் சேர்த்தே தணிக்கிறது; பிறகு வால்யூமை ஏற்றினால் பாட்டு மட்டும் பழைய உயரத்துக்கு வருகிறது, இரைச்சல் தணிந்த இடத்திலேயே கிடக்கிறது. சண்டையெல்லாம் இரைச்சலோடு அன்று, உயரவேண்டியது பாட்டு. மலத்தை உயிர் தன் பலத்தால் வெட்டி எறிவதில்லை, அருள் மேலோங்கும்போது அது தானே அடங்குகிறது என்று சைவம் சொல்வதும் இந்த முறையைத்தான்.

இதையெல்லாம் அந்த இளைஞரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது நாங்கள் நின்ற இடமும் பேச்சுக்கு உதவியது. எமதர்மன் தன் தண்டத்தை இழந்து, இங்கே வந்து வழிபட்டு, அதைத் திரும்பப் பெற்றான் என்பது வேளச்சேரித் தண்டீஸ்வரர் கோயிலின் தலபுராணம். தண்டம் இல்லாத எமன், இருக்கிறான், ஆனால் எதுவும் செய்ய இயலாதவனாக இருக்கிறான். சக்தி மடங்கிய மலத்துக்கு இதைவிடத் தெளிவான உருவம் எனக்குத் தெரியவில்லை. அவர் உடனே, "தண்டம்தான் திரும்பக் கிடைச்சிடுச்சே சார்?" என்று கேட்டார். சரியான கேள்வி. அதற்காகவே மெய்கண்டார் தம் சித்தாந்த நூலான சிவஞானபோதத்தைப் பதினோராம் சூத்திரத்தோடு முடித்துவிடவில்லை என்றேன். பன்னிரண்டாம் சூத்திரம், மலம் கழுவி முத்தி நிலை கண்ட ஞானிகளுக்கே சொல்லப்பட்டது. அவர்களும் அடியார்களோடு கூடியிருக்கவேண்டும், கோயிலையும் திருவேடத்தையும் சிவமெனக் கண்டு தொழவேண்டும் என்று அது விதிக்கிறது. பழைய வாசனை மீண்டும் தலையெடுக்கலாம் என்ற எச்சரிக்கையே அதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. ஜீவன்முக்தருக்கே அந்த நியமம் வேண்டியிருக்கிறது என்று கேட்டபோது அவருக்கு வியப்பாக இருந்தது. தியானத்தை விடுவது பற்றி அதற்குமேல் அவர் பேசவில்லை, பன்னிரண்டாம் சூத்திரத்துக்கு உரை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார்.