பசியும் நோன்பும்

செல்வர் வறியவரின் பசியை உணர்வதற்காகவே நோன்பு விதிக்கப்பட்டது என்னும் விளக்கம் றமழான் தோறும் நம் செவியில் விழுகின்றது. கேட்பதற்கு நல்ல விளக்கந்தான். ஆனால், மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை நீளும் நமது கரையோரத்தில் இதனைக் கேட்டிருப்போர் யாவர்? கரைவலை இழுத்துக் கிடைக்கும் மீனில் பங்கு பெறுவோர். பிறர் வயலில் கூலிக்கு உழைப்போர். கைத்தறியில் அமர்ந்து அன்றாடம் நெய்து அன்றாடம் உண்போர். பசி இன்னதென்று அறிய இவர்களுக்கு ஒரு மாதப் பயிற்சி வேண்டியதில்லை. எனினும் நோன்பு இவர்களுக்கும் கடமையே. அப்படியாயின், முன்பே பசித்திருப்பவனுக்கு நோன்பு எதைக் கற்பிக்கின்றது?

ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் நோன்பு கடமையாயிற்று. அதனை விதிக்கும் இடத்திலேயே திருமறை அதன் நோக்கத்தையும் கூறிவிடுகின்றது. அந்நோக்கம் தக்வா, அதாவது இறையுணர்வோடு கூடிய விழிப்பு. பசி அங்கே நோக்கமன்று, கருவி மட்டுமே. பட்டினிக்கும் நோன்புக்கும் உள்ள வேறுபாடு வயிற்றில் இல்லை. இரவில் உள்ளத்தில் வைக்கும் நிய்யத்தில் இருக்கின்றது. பட்டினிக்கு நிய்யத் இல்லை. அது மனிதன் மேல் சுமத்தப்படுவது. நோன்போ மனிதன் தானே ஏற்பது. பதினொரு மாதம் பசியால் ஆளப்பட்டவன் இந்த ஒரு மாதத்தில் பசியைத் தான் ஆளுகின்றான். வறியவனுக்கு நோன்பு கற்பிப்பது பசியை அன்று, தன் மாண்பை.

இவ்வுண்மையைத் திரித்துவிடுவதும் எளிது. "பொறுத்திரு, பசியும் ஒரு வணக்கமே" என்று ஏழைக்கு உபதேசிக்க வயிறு நிறைந்தோர் என்றும் ஆயத்தமாயிருப்பர். ஆனால், சமயமே அவ்வுபதேசத்துக்கு இடந்தரவில்லை. நோயாளிக்கும் பயணிக்கும் அது விலக்களிக்கின்றது. இறைவன் மனிதர்க்கு எளிமையையே நாடுகிறான், கடினத்தை அன்று என்று திருமறை அவ்விடத்திலேயே தெளிவுபடுத்துகின்றது. முதுமையாலோ தீராப் பிணியாலோ நோன்பு நோற்க இயலாதவர், விட்ட ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வறியவரின் உணவை ஈடாக வழங்கல் வேண்டும். தன் பசிக்கு ஈடாகப் பிறர் பசியைத் தீர்த்தல்! பசியைப் பொறுப்பவரின் ஆற்றல் சிறந்ததே. அப்பசியை மாற்றுவோரின் ஆற்றலோ அதனினும் சிறந்தது என்று வள்ளுவர் ஈகை அதிகாரத்தில் வரிசைப்படுத்தியதும் இக்கருத்தையே.

இனிச் செல்வரின் நிலைக்கு வருவோம். பகலில் நோன்பாளி தவிர்ப்பது எதனை? ஹராமானவற்றை அன்று; அவை எந்நாளும் விலக்கப்பட்டவையே. தன் வீட்டுக் குடத்துத் தண்ணீரை, தன் உழைப்பால் வந்த சோற்றை அவன் தவிர்க்கிறான். யாரும் காணாத இடத்திலும் 13 மணி நேரத்துக்கு மேலாகத் தனக்கு உரியதையே தொடாதிருக்கப் பழகியவன், பிறர்க்கு உரியதை எவ்வாறு தொடுவான்? நோன்பின் தருக்கம் இதுதான். கூலிக்காரனின் பணத்தைப் பெருநாளுக்கு அப்பால் ஒத்திப்போடுபவனும், விலை ஏறட்டுமென்று அரிசியைப் பதுக்குபவனும் தண்ணீரைத் துறந்திருக்கலாம், நோன்பை அடையவில்லை. பொய்யையும் அதன்வழிச் செயலையும் விடாதவன் உணவை விடுவதில் இறைவனுக்குத் தேவை எதுவுமில்லை என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்ததும் இதனாலேயே.

பிறைக் கணக்கால் றமழான் ஆண்டுக்கு ஏறத்தாழ 11 நாள் முன்னகர்ந்து, 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகின்றது. 2025இலும் 2026இலும் அது பெரும்போக அறுவடைக் காலத்தை ஒட்டி வந்தது. உச்சி வெயிலில் நெல் மூட்டை சுமப்பவனின் நோன்பும், நிழலில் நின்று கணக்கெழுதும் போடியாரின் நோன்பும் நாழிகையில் ஒன்றே, பாரத்தில் ஒன்றல்ல. வேலையை விடியலுக்கு மாற்றுவதும், அன்றைய கூலியை அன்றே கொடுப்பதும் போடியாரின் தயவல்ல. அவர் நோன்பின் ஒரு பகுதி.

2022 ஏப்ரலில் இந்நாடு முழுவதும் நிய்யத் இல்லாப் பட்டினியைக் கண்டது. முந்திய ஆண்டின் இரசாயன உரத்தடையால் விளைச்சல் வீழ்ந்திருந்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென ஏப்ரல் 12ஆந் திகதி அரசு அறிவித்தது. அதே மாதந்தான் றமழான். கொழும்பு காலிமுகத்திடலில் போராடிய முஸ்லிம்கள் அங்கேயே நோன்பு துறந்தனர். சிங்களவரும் தமிழரும் அவர்களோடு அமர்ந்து உண்டனர். தானாக ஏற்ற பசியும் ஆட்சியாளர் சுமத்திய பசியும் அத்திடலில் ஒருங்கே அமர்ந்திருந்தன. முன்னதற்கு மாலையில் முடிவுண்டு. பின்னதற்கு முடிவு கேட்டே அனைவரும் அங்குக் கூடியிருந்தனர்.

நோன்பு இறைவனுக்கும் அடியானுக்கும் இடைப்பட்ட இரகசியம். அதனுள் கூலியையும் அரிசியையும் கொண்டுவருவது ஏன் எனச் சிலர் வினவுவர். நாம் கொண்டுவரவில்லை, ஷரீஅத்தே கொண்டுவந்தது. பெருநாள் தொழுகைக்கு முன் தலைக்கு ஒரு ஸாஉ, அதாவது ஏறத்தாழ 2.5 கிலோகிராம் அரிசி, பித்ராவாகக் கொடுக்கப்படல் வேண்டும். நம் நாட்டில் பெரிதும் பின்பற்றப்படும் ஷாபிஈ மத்ஹபின்படி இது செல்வர்க்கு மட்டும் உரிய கடமையன்று. பெருநாள் இரவுக்கும் பகலுக்கும் தன் குடும்பம் உண்ணப் போக, அத்தியாவசியத் தேவைகளுக்கும் போக, எஞ்சியது உள்ள எவர்க்கும் அது கடமை. ஆகவே பித்ராவைப் பெறுகின்ற ஏழையும், எஞ்சியதிலிருந்து பித்ரா கொடுப்பவனாகலாம். அன்று அவன் ஏந்திய கையினன் மட்டுமல்லன். ஈந்த கையினனும் ஆவான்.

நோன்பு ஒருவனுள் புகுந்ததா என்பதை அவன் உலர்ந்த உதடு காட்டாது. ஷவ்வால் பிறந்த பின்னர் அவனிடம் வேலை செய்தவனின் அடுப்பு எரிகின்றதா என்பதே காட்டும்.