யாரிடம் அழுவது

தாமஸ் டார்சி 1899இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் வில்லா ரிக்கா என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா பாப்டிஸ்ட் போதகர். அம்மா ஆர்கன் வாசிப்பவர். மகன் பியானோவில் கை தேர்ந்தது என்னவோ மது புழங்கும் இரவு விருந்துகளில்தான். போலீஸ் காதுக்கு எட்டாமல் மெல்ல வாசித்ததால் அவருக்குக் ‘கிசுகிசுக்கும் பியானோக்காரர்’ என்றே பெயர். பிறகு, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் துயரப் பாட்டான ப்ளூஸைப் பாடிய மா ரெய்னியின் குழுவை நடத்தினார். 1928இல் ‘ஜார்ஜியா டாம்’ என்ற பெயரில் டாம்பா ரெட்டுடன் சேர்ந்து வெளியிட்ட இரட்டை அர்த்தப் பாட்டு சக்கைப்போடு போட்டது. இதே மனிதர்தான் 1932இல் சிகாகோவின் பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையில் பாடகர் குழுப் பொறுப்பை ஏற்று, பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்து, காஸ்பல் என்னும் கறுப்பினச் சபை இசையின் தந்தை என்று பெயரெடுத்தார். மதுக்கடையில் பழகிய விரல் ஆராதனைக்கு ஆகுமா என்று அன்றைய போதகர்கள் பலர் கேட்டார்கள். சில சபைகள் அவரை வெளியேற்றவும் செய்தன. அவர்களைக் குறுகிய மனதுக்காரர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் கேள்வி நியாயமானது.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் பதில், ஓசைக்கு மதம் கிடையாது, சொல்தான் பாட்டைப் புனிதமாக்குகிறது என்பது. டார்சியின் மிகப் புகழ்பெற்ற பாடலே இதை மறுக்கிறது. 1932 ஆகஸ்டில் அவர் செயின்ட் லூயிஸில் இருந்தபோது தந்தி வந்தது: பிரசவத்தில் மனைவி நெட்டி இறந்துவிட்டார். பிறந்த ஆண் குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் எழுந்ததுதான் ‘டேக் மை ஹேண்ட், பிரஷஸ் லார்ட்’ (என் கையைப் பிடியும், அருமைக் கர்த்தரே). அதன் மெட்டு அவருடைய சொந்த மெட்டன்று. ‘மெய்ட்லண்ட்’ என்ற பத்தொன்பதாம் நூற்றாண்டுத் துதிப்பாடல் மெட்டைத் தழுவியது. அந்த மெட்டு ஏற்கெனவே பக்திச் சொற்களோடுதான் சபைகளில் புழங்கியது. அப்படியானால் டார்சி புதிதாகச் சேர்த்தது சொல்லை மட்டுமா? வாசிப்பைக் கவனித்தால் தெரியும்: தாளம் தளர்ந்து நடக்கிறது, வலக்கை ஒரு கட்டையைத் தொட்டு அடுத்த கட்டைக்கு வழுக்குகிறது, ஸ்வரம் இரண்டுக்கும் நடுவே தொண்டை அடைத்ததுபோல் நின்றுவிட்டுத்தான் போய்ச் சேர்கிறது. இது அப்பட்டமான ப்ளூஸ். ஓசை வெறும் பாத்திரம் இல்லை, தன் பழைய வாசனையோடுதான் உள்ளே வரும் என்று போதகர்கள் சொன்னது சரி. அந்த வாசனைக்குக் கோயிலில் இடமில்லை என்று முடிவு கட்டியதில்தான் பிசகினார்கள்.

ஏனென்றால் அந்த வாசனை ஒப்பாரியின் வாசனை. வேதத்தின் சங்கீதங்களிலும் யோபுவிலும் புலம்பலிலும் நிரம்பிக் கிடப்பது அதுதான். சிகாகோவின் பெரிய கறுப்பினச் சபைகளோ ஐரோப்பியச் செவ்விசை மேதைகளான ஹாண்டலையும் மெண்டல்சனையும் பிசிறில்லாமல் பாடுவதையே பெருமையாக நினைத்தன. தெற்கிலிருந்து பிழைக்க வந்த ஆயிரக்கணக்கானோர் அழுவதற்கு அங்கே இடமில்லை. வேதத்தில் இருந்து சபையில் இல்லாமற்போனதை ஒரு மதுக்கடைப் பியானோக்காரர் திரும்பக் கொண்டுவந்தார் என்பது வேடிக்கைதான். ப்ளூஸ் ஓடிப்போன காதலனைப் பார்த்து அழும், ரயிலைப் பார்த்து அழும். கேட்பவர் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. டார்சியின் பாட்டு பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவரை நோக்கித் திரும்பிக் கை நீட்டுகிறது. அழுகை அதே அழுகைதான். புனிதம் ஸ்வரத்தின் குணமல்ல, அது யாரை நோக்கிப் பாடப்படுகிறது என்பதில் பிறக்கும் உறவு என்கிறேன். டார்சி கடைசிவரை ப்ளூஸைப் பழித்துப் பேசாததும் இதனால்தான் எனக்குப் புரிகிறது.

அவர் பாட்டுத்தாள் அச்சடித்து விற்றவராயிற்றே, மனம் திரும்பிய பிறகும் காசுக்காக ப்ளூஸுக்குப் போய் வந்தவராயிற்றே, அவருடைய பக்தியை எப்படி நம்புவது என்று கேட்கலாம். நம்ப வேண்டியதில்லை. மெம்பிஸில் 1968 ஏப்ரல் 4 மாலை, சுடப்படுவதற்குச் சற்று முன் மார்ட்டின் லூதர் கிங், அன்றிரவுக் கூட்டத்தில் இந்தப் பாட்டை வாசிக்கும்படி பென் பிராஞ்ச் என்ற இசைக்கலைஞரிடம் கேட்டார். கிங்கின் இறுதிச் சடங்கில் காஸ்பல் பாடகி மஹலியா ஜாக்சன் அதைப் பாடினார். எழுதியவரின் கணக்குப் புத்தகம் அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. இன்னொரு ஆட்சேபம் கனமானது: இப்படிக் கதவைத் திறந்துவிட்டால் ஆராதனை கச்சேரியாகிவிடாதா? ஆகிறது, பல இடங்களில் ஆகியும்விட்டது. பாடுகிறவர் கர்த்தரை விட்டுக் கைதட்டும் கூட்டத்தை நோக்கித் திரும்பிவிட்டால் அந்தப் போதகர்களின் குற்றச்சாட்டு அப்படியே பொருந்தும். பிசிறில்லாமல் ஹாண்டல் பாடிப் பெருமைப்பட்ட குழுக்களுக்கும் அது பொருந்தும்.