மஞ்சள் அம்பும் நீல அம்பும்

யாருக்கும் நஷ்டமில்லாத ஒரு தவறை யாரும் பார்க்காத நேரத்தில் செய்தால், அது தவறுதானா? கதை எழுதுகிறவனுக்கு இது பழைய கேள்வி. என் கதாபாத்திரங்களில் பலரை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தித் திண்டாட வைத்திருக்கிறேன். அவர்களுடைய இடத்தில் நானே நிற்கும்படி நேர்ந்தது 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில். இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமம். ஆற்றுப் பாலத்தருகே ஒரு மரக் கம்பம். காலை ஐந்தரை மணி. கையில் சைக்கிள்.

என் அக்காள் மகன் அந்த நாட்டில் வேலையாக இருக்கிறான். "லண்டனை எல்லாரும் பார்த்துட்டுப் போறாங்க மாமா. நான் உங்களுக்கு மண் பாதையைக் காட்டறேன்" என்று சொல்லி இரண்டு மலை சைக்கிள்களை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தான். மலை சைக்கிள் என்றதும் இமயமலையை நினைத்துக்கொள்ள வேண்டாம். தடித்த டயரும், முன்சக்கரத்துக்கு மேல் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் ஸ்பிரிங்கும் உள்ள சைக்கிள், அவ்வளவுதான். நாங்கள் போன சௌத் டவுன்ஸ் பிரதேசமும் சாதுவான குன்றுகள் நிறைந்த நாட்டுப்புறம். 'டவுன்' என்றால் கீழே என்று பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு, அந்தப் பெயரை வைத்துவிட்டு மேலே ஏறச் சொல்வது வேடிக்கையாக இருக்கும். பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குக் குன்று என்று பொருளாம். வின்செஸ்டர் நகரத்தில் புறப்பட்டு ஈஸ்ட்போர்னில் கடற்கரையைத் தொடுகிற பாதை. நீளம் சுமார் 160 கிலோமீட்டர். வழியில் பெரிய குன்று என்று பெயரெடுத்த பட்சர் ஹில்லே 270 மீட்டர்தான். ஆனால் ஏறுவதும் இறங்குவதும், இறங்கியதை மறுபடி ஏறுவதுமாக நான்கு நாள் போனால் முழங்கால் வேறு கணக்குச் சொல்லும்.

மண் முழுக்கச் சுண்ணாம்பு. ஒரு காலத்தில் கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து படிந்து உண்டான குன்றுகள் அவை. வெயிலில் பாதை கண்ணைக் கூச வைக்கும் வெள்ளை. ஒரு தூறல் விழுந்தால் சோப்புக் கட்டி. இடையிடையே சிக்கிமுக்கிக் கல் கத்திபோல நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு தடவை டியூபில் ஓட்டை. இருபுறமும் புல்வெளி, செம்மறி ஆடுகள், நூறு கஜத்துக்கு ஒரு கேட் இருக்கிறதோ என்று எரிச்சல் வரும் அளவுக்குக் கேட்டுகள். திறந்திருந்த கேட்டைத் திறந்தபடியும் மூடியிருந்த கேட்டை மூடியும் விட்டுப் போகவேண்டும் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த பாடம்.

நிலம் குடியானவனுடையது, அதன் நடுவே போகிற பாதையில் நடக்கும் உரிமை ஊருடையது. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பாதைகளிலும் ஜாதி உண்டு. மஞ்சள் அம்பு போட்டிருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு போட்டிருந்தால் குதிரைப் பாதை. நடப்பவர்களும் குதிரைக்காரர்களும் போகலாம். சைக்கிள்காரன் இந்தக் குதிரைப் பாதைக்குள் வந்து சேர்ந்தது 1968இல். அந்த ஆண்டு வந்த நாட்டுப்புறச் சட்டம் அவனுக்கு உரிமையைக் கொடுத்த அதே வாக்கியத்தில், நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் அவன் வழிவிட வேண்டும் என்று கட்டிப் போட்டுவிட்டது. அவனுடைய சௌகரியத்துக்காகப் பாதையைச் சீர்செய்து தரவேண்டிய கடமை யாருக்கும் கிடையாது என்றும் சொல்லிவிட்டது. வா, ஆனால் விருந்தாளிபோல நடந்துகொள் என்கிற மாதிரி. நம் ஊர்ச் சாலையில் லாரிக்குப் பஸ்ஸும், பஸ்ஸுக்குக் காரும், காருக்கு சைக்கிளும், எல்லாருக்குமாக நடந்து போகிறவனும் ஒதுங்குகிறார்கள். அதைச் சட்டம் போட்டு யாரும் சொல்லவில்லை.

வழிவிட வேண்டிய உரிமை ஓர் உரிமையா என்று முதல் நாள் நான் மருமகனிடம் வாதம் செய்தேன். உரிமை என்றால் தலை நிமிர்ந்து அனுபவிக்க வேண்டும் என்பது என் கட்சி. அவன் சிரித்துக்கொண்டே முன்னால் போய்விட்டான்.

மூன்றாம் நாள் எனக்குப் பதில் கிடைத்தது. நீண்ட இறக்கம். ஏறிய களைப்புக்குக் கூலியாக பிரேக்கை விட்டுவிட்டேன். காதில் காற்று இரைந்தது. இந்த வயதிலும் இப்படி ஒரு குஷி மிச்சம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு வளைவுக்கு அப்பால் குதிரையின் பின்புறம். மணியில் விரல் வைக்கத் தோன்றவில்லை. ஒதுங்கிக் கடந்துவிடலாம் என்று பட்டது. சத்தமில்லாமல் பின்னாலிருந்து விரைந்து வருகிற எதுவும் குதிரைக்குப் புலிதான். அது துள்ளிப் பக்கவாட்டில் பாய்ந்து வேலிக் கம்பியில் உரசிக்கொண்டு நின்றது. மேலே இருந்தவள் அறுபது வயதிருக்கும் ஒரு அம்மாள். ஒரு கால் அங்கவடியிலிருந்து நழுவிவிட்டது. கழுத்து மயிரைப் பிடித்துக்கொண்டு எப்படியோ சமாளித்தாள். நான் புல்லில் கிடந்தேன்.

அவள் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். குதிரையின் கழுத்தைத் தடவி ஏதோ முணுமுணுத்தாள். அது அடங்கிய பிறகு என்னைப் பார்த்து, "உங்களுக்கு அடி ஒன்றும் இல்லையே?" என்று கேட்டாள். பிறகு, "ஒரு குரல் கொடுத்திருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மருமகன் ஒன்றும் சொல்லவில்லை. அன்று இரவு ஆல்ஃப்ரிஸ்டன் கிராமத்து விடுதியில் சாப்பிடும்போதும் சொல்லவில்லை.

மறுநாள் விடியற்காலையில்தான் அந்தக் கம்பத்துக்கு வந்தோம். அங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. மஞ்சள் அம்பு ஆற்றோடு போய், செவன் சிஸ்டர்ஸ் என்கிற வெள்ளைப் பாறை முகடுகளின் மேலாகக் கடலைப் பார்த்துக்கொண்டே போகிறது. நீல அம்பு கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விண்டோவர் குன்றில் ஏறி, ஜெவிங்டன் கிராமத்தில் இறங்கி, மறுபடி ஏறி ஈஸ்ட்போர்ன் போய்ச் சேருகிறது. நாலு நாளாக எந்தக் கடலை நினைத்து மிதித்தேனோ அந்தக் கடல் நடப்பவர்களுக்கு. எனக்கு இன்னும் இரண்டு குன்று.

"கடல் பக்கமே போயிடலாம்டா. இந்நேரத்துக்கு அங்கே யார் இருக்கப் போறா?" என்றேன்.

"அது நடக்கிறவங்க பாதை மாமா."

என்னிடம் வாதங்களுக்குப் பஞ்சமில்லை. அங்கே நடைவழியில் சைக்கிள் விடுவது சாதாரணமாகக் குற்றமே அல்ல. நிலத்துக்காரன் வேண்டுமானால் சிவில் வழக்குப் போடலாம். போலீஸ் வராது. ஆள் இல்லாத பாதையில் யாருக்கு வழிவிடாமல் போய்விடுவேன்? ஸ்காட்லாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்கிற சைக்கிள்காரன் பெரும்பாலான நிலத்தில் போகலாம். வடக்கே எல்லைக்கோட்டைத் தாண்டினால் நியாயமாகிவிடுகிற காரியம் இங்கே மட்டும் எப்படிப் பாவமாகும்? தள்ளிக்கொண்டே போய், யாரும் இல்லாத இடத்தில் மட்டும் ஏறிக்கொண்டால் என்ன? இந்தக் கடைசி வாதத்தைச் சொன்னபோது எனக்கே வெட்கமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சட்டம் தப்புன்னு நெனச்சா, பகல் பதினோரு மணிக்கு வாங்க மாமா. எல்லாரும் பார்க்கப் போவோம்" என்றான்.

அந்த நாட்டில் அப்படிப் போனவர்கள் உண்டு. டெர்பிஷயரில் கிண்டர் ஸ்கௌட் என்கிற மேட்டு நிலம் சீமான்கள் வேட்டையாடுவதற்காக அடைக்கப்பட்டிருந்தது. 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 24ஆம் தேதி, மில்லிலும் பட்டறையிலும் வேலை செய்த நானூறு பேர் வரை, முன்கூட்டியே அறிவித்துவிட்டு, பட்டப்பகலில் அங்கே ஏறினார்கள். காவலாட்களோடு கைகலப்பு நடந்தது. ஐந்து பேர் ஜெயிலுக்குப் போனார்கள். முன்னின்று நடத்திய பென்னி ராத்மனுக்கு வயது இருபது. 1949இல் தேசியப் பூங்காக்களுக்கும் பொதுப் பாதைகளுக்கும் சட்டம் வந்ததற்கு அவர்கள் நடை ஒரு தூண்டுகோல் என்று இன்றும் சொல்கிறார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1930இல், வேதாரண்யத்தில் உப்பு அள்ளியவர்களும் ராத்திரியில் ஒளிந்து போய் அள்ளவில்லை. நாளும் இடமும் சொல்லிவிட்டுத்தான் அள்ளினார்கள்.

என் திட்டத்தில் நாளும் இடமும் சொல்ல ஏதுமில்லை. ஆள் வருவதற்குள் போய்விட வேண்டும் என்பதுதான் அதன் முழு உள்ளடக்கம். சட்டத்தை மாற்ற வேண்டும் என்று நான் ஆசைப்படவில்லை. எல்லாரும் அதற்குக் கட்டுப்பட்டிருக்க, ஒரு காலைப்பொழுதுக்கு எனக்கு மட்டும் அது இல்லாமல் இருந்தால் தேவலை என்று ஆசைப்பட்டேன். பிறர் கட்டுப்பட்டிருந்தால்தானே எனக்கு அந்தக் காலியான பாதை கிடைக்கும்!

இதையெல்லாம் அந்தக் கம்பத்தடியில் நின்று யோசித்தேன் என்று எழுதினால் என் மதிப்பு கொஞ்சம் கூடும். உண்மை அப்படி அல்ல. என்னைத் திருப்பியது குதிரைக் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்த ஒரு நடுங்கும் கை. நேற்று அந்த வளைவிலும் யாரும் இருக்கமாட்டார்கள் என்றுதானே பிரேக்கை விட்டேன்? தத்துவம் பிற்பாடு, ஊருக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்த பிறகு வந்தது. நஷ்டமில்லாத தவறு உண்டா என்ற கேள்விக்கு இப்போதும் என்னிடம் உறுதியான விடை இல்லை. நஷ்டமில்லை என்று தவறு செய்கிறவனே கணக்குப் பார்த்துச் சொல்கிறான் என்பதுதான் எனக்கு இடிக்கிறது.

விண்டோவர் குன்றில் ஏறினோம். அதன் சரிவில் 'வில்மிங்டனின் நெடிய மனிதன்' என்று 72 மீட்டர் உயரத்துக்கு ஓர் உருவம் இருக்கிறது. இரண்டு கையிலும் ஒவ்வொரு கோல். பார்க்க வெகு தூரத்திலிருந்து வருகிறார்கள். அவன் தலைக்கு மேலே போகிற எங்கள் பாதையிலிருந்து அவனை முழுதாகப் பார்க்க முடியவில்லை. கடலும் போச்சு, இவனும் போச்சு என்று நான் புலம்பியதற்கு மருமகன் இரக்கப்படவில்லை. ஜெவிங்டன் இறக்கத்தில் ஒரு கேட்டருகே நடைபயணக் கூட்டம் ஒன்று எதிர்ப்பட்டது. பதினெட்டுப் பேர். எண்ணுவதற்கு எனக்கு நேரம் இருந்தது. ஒவ்வொருவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் ஈஸ்ட்போர்னில் சைக்கிள்களைப் பூட்டிவிட்டு, காலால் நடந்து பீச்சி ஹெட் முனைக்கு ஏறினோம். வெள்ளைப் பாறை, 160 மீட்டருக்கும் மேல், நேர் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் பின்னால் மணி ஒலித்தது. ஒரு பையன், மலை சைக்கிளில், நடைவழியிலேயே வந்துகொண்டிருந்தான். நான் புல்லில் ஒதுங்கி நின்றேன். அவன் கையை உயர்த்திவிட்டுக் கடந்தான்.

"பார்த்தீங்களா மாமா!" என்று மருமகன் கொதித்தான்.

"மணி அடிச்சானே" என்றேன்.