நான்கு பேர் சுமந்த கட்டில்



மூளை முடக்குவாதமுள்ள பிள்ளை ஒரு வீட்டிலிருந்தால், “யார் செய்த பாவமோ” என்று ஊரார் முணுமுணுப்பதுண்டு. பிறவிக் குருடனைக் குறித்துச் சீஷர்களும் அப்படித்தான் கேட்டார்கள். சேசுநாதர் சுவாமியோ அந்தப் பழியை மகன்மேலும் சுமத்தவில்லை, பெற்றோர்மேலும் சுமத்தவில்லை. வளரும் மூளைக்குப் பிறப்பதற்கு முன்போ, பிறக்கையிலோ, பின்போ நேர்ந்த சேதமே இந்நோய்க்குக் காரணம். இது சாபமுமல்ல, ஒட்டுவாரொட்டியுமல்ல.

டென்மார்க் தேசத்து லிஸ் ஹார்ட்டெல் அம்மாளுக்கு 1944-ம் ஆண்டில் இளம்பிள்ளை வாதம் கண்டு, முழங்காலுக்குக் கீழே வலுவிழந்தது. பிறர் குதிரைமேல் ஏற்றிவிட, 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவர் நோய் வேறு. ஆயினும் அதன்பின் முடக்குவாதப் பிள்ளைகளுக்கும் குதிரைச் சவாரி ஒரு சிகிச்சையாகப் பரவிற்று. குதிரை நடக்கையில், நாம் நடப்பதுபோலவே பிள்ளையின் இடுப்பு அசைகிறது. உடல் நிமிர்ந்து உட்காரப் பழகுகிறது. நோய் அடியோடு தீர்வதில்லை. ஆனால் சாய்ந்து கிடந்த பிள்ளை உலகத்தை நிமிர்ந்து பார்க்கிறது.

அங்கே ஒருவர் கடிவாளம் பிடிக்க, இருபுறமும் இருவர் தாங்கி நடக்கிறார்கள். குதிரையோடு நால்வர்! திமிர்வாதக்காரனைக் கூரை வழியாய் இறக்கியவர்களும் நால்வரே.

நம் களமருதூரில் அத்தகைய குதிரைக்கு எங்கே போவது என்கிறீர்களோ? தாங்கும் கைகள் இங்கேயும் உண்டே. பெற்றோரே, பிள்ளையை உள்ளறையில் மறைக்காதீர்கள். சிறுவயதிலேயே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய் இயன்முறைப் பயிற்சி கேளுங்கள். 2016-ம் ஆண்டுச் சட்டம் இப்பிள்ளைகளின் உரிமையைக் காக்கிறது. அயலாரே, ஞாயிறு பூசைக்கு அந்தப் பிள்ளையைத் தூக்கிவர ஒரு தோள் கொடுங்கள். ஆமென்.